ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது

தடதடவென்று வானத்தைத் துவைத்துக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் போனால் தெருவே அண்ணாந்து பார்க்கும். நான் மட்டும் குனிந்து தரையைப் பார்ப்பேன், காலடியில் ஏதாவது உருண்டு போகிறதா என்று. பக்கத்தில் நிற்பவர்கள் நான் தோட்டைத் தொலைத்துவிட்டதாக நினைத்து அவர்களும் தேடத் தொடங்குவார்கள். ஒருமுறை சுங்குவார்சத்திரம் சந்தையில் ஒரு காய்காரம்மா என்னோடு சேர்ந்து வெகு நேரம் தேடிவிட்டு, "இன்னா விழுந்துச்சும்மா?" என்று கேட்டார். "ஹெலிகாப்டர்" என்றேன். அதற்குப் பிறகு அவர் எனக்குக் கொசுறு போடுவதில்லை.

ஆனால் நான் சொன்னது உண்மை. ஒரு காலத்தில் நான் ஹெலிகாப்டர் ஓட்டினேன். (ஓட்டினேன் என்பது கொஞ்சம் பெரிய சொல். அதைப் பற்றித்தான் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.)

எங்கள் ஊர் மண்ணூர்ப் பக்கம். கை இருக்கும் இடத்தில் மனம் இருக்காத பிறவி நான். போன் கம்பெனியில் பூதக்கண்ணாடிக்கு அடியில் கடுகளவு திருகாணி மாட்டினேன். பிறகு கார் சீட்டுக்கு உறை தைத்தேன். பிறகு கண்ணாடி கம்பெனி. ஷிப்ட் பஸ் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் என் முகம் தெரியும். இன்றைக்கு எந்த பஸ்ஸில் ஏறுவேன் என்பதுதான் தெரியாது. நின்ற இடத்தில் வேர் பிடிக்காத ஒரு செடியை யாரோ பெண்ணாகப் பெற்றுவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள். (யாரோ இல்லை, அம்மாதான்.)

ஒரகடத்தில் ஒரு புதுக் கம்பெனித் திறப்புக்குப் பெரிய மனிதர் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். எங்களை எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். அது இறங்கியபோது புல் தரையோடு படுத்தது. செம்மண் எழுந்து நின்றது. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன். அன்று வாயில் போன மண் வயிற்றில் போய் முளைத்துவிட்டது.

அதே சமயத்தில்தான் எங்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. வந்த பணத்தை நைனா எனக்கும் அண்ணன் சேகருக்கும் சமமாகப் பிரித்தார். சேகர் டிப்பர் லாரி வாங்கினான்.

"நீ இன்னா வாங்கப் போற கண்ணு?" என்று நைனா கேட்டார்.

"நான் வாங்கல நைனா. ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கப் போறேன்."

அம்மா சோற்றுக் கரண்டியோடு வெளியே வந்தாள். "முப்பது வயசுல மாப்ள வேணாம், ஹெலிகாப்டர் வேணுமா? அத்த எங்கடி நிறுத்துவ? சேகர் லாரிக்கே எடம் பத்தல."

நைனா மட்டும் யோசித்தார். டிராக்டர் ஓட்டியவர். எனக்கும் ஓட்டக் கற்றுத் தந்தவர். ஆளை அவர் இரண்டே வகையாகத்தான் பிரிப்பார்: வண்டி ஓட்டத் தெரிந்தவர், தெரியாதவர். "வண்டிதானே," என்றார் கடைசியில். "ஓட்டட்டும் வுடு."

ஒரகடம் தாண்டி ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடந்த பயிற்சிப் பள்ளி அது. ஒரு தகரக் கொட்டகை, ஒரு மெக்கானிக், எப்போதும் கடிகாரத்தையே பார்க்கும் ஒரு மேனேஜர், இரண்டு பேர் உட்காரும் ஒரே ஒரு ஹெலிகாப்டர். கண்ணாடிக் குமிழுக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். இடது கையில் ஒரு நெம்புகோல். தூக்கினால் எழும், இறக்கினால் இறங்கும். வலது கையில் ஒரு தடி. எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் போகும். காலுக்கு இரண்டு மிதி, மூக்கைத் திருப்ப. கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் கோபித்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்து மருமகள் மாதிரி எல்லோரையும் ஒரே நேரத்தில் சமாதானம் செய்துகொண்டே சிரித்த முகமாக இருக்க வேண்டும்.

என் வாத்தியார் பெயர் முத்துராஜ். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். மீசை, வளரலாமா வேண்டாமா என்று அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. வாத்தியாராக அவருக்கு நான்தான் முதல் மாணவி. நான் அவரை 'சார்' என்பேன். அவர் என்னை 'அக்கா' என்பார். வானத்தில் இந்த மரியாதைக் குழப்பத்துக்கு யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துராதிய," என்று தினமும் சொல்வார். "தரையத் தொடும்போது வண்டி ஒரு பக்கமா சாயுதுன்னா, இடது கை கீழ போகணும். எல்லாருக்கும் பயத்துல மேலதான் இழுக்கத் தோணும். இழுத்திய, பெரண்டுரும். கடவுளே வந்து இழுன்னு சொன்னாலும் இழுக்காதிய."

"சரி சார்."

"என்ன சரி? சொல்லுங்க."

"சாஞ்சா கீழ."

உறங்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன். சாஞ்சா கீழ. சாஞ்சா கீழ. அம்மா குழம்பு ஊற்றும்போது கரண்டி சாய்ந்தால் என் இடது கை தானாகத் தொடையில் இறங்கும்.

ஆனாலும் நான் மெதுவான மாணவி. என்னோடு சேர்ந்து வேறு வாத்தியாரிடம் படித்த சின்னப் பையன்கள் எல்லாம் 'சோலோ' முடித்துவிட்டார்கள். சோலோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை: பக்கத்தில் வாத்தியார் இல்லாமல், தனியாக எழுந்து, இடுப்பளவு உயரத்தில் அசையாமல் கொஞ்ச நேரம் மிதந்து, பதமாக இறங்க வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் நான் உயிரை வைத்திருந்தேன். மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் சோலோ ஆகாவிட்டால் படிப்பை நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். வீடா? நிலம் போய், கம்பெனி போய், மிச்சம் இருந்த ஒரே திசை மேலே. அதையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். (அந்த வாரம் கடித்த கடியில் ஒரு கடைவாய்ப்பல் விண்டது. அது வேறு கதை.)

வெள்ளிக்கிழமை வந்தது. கூடவே என் குடும்பமும் வந்தது, டிப்பர் லாரியில். நைனா இறங்கும்போதே கையில் ஒரு பை. பையில் சந்தனம், குங்குமம், கற்பூரம், ஒரு மாலை, எலுமிச்சம்பழம். டிப்பரின் பின்பக்கத்தில் ஒரு பூசணிக்காய், தனியாக, மகாராஜா மாதிரி வந்திருந்தது.

முத்துராஜ் ஓடி வந்தார். "ஐயா, ஐயா! கற்பூரம் வேண்டாம்யா. உள்ள பெட்ரோலு."

"சரி, கற்பூரம் வேணாம்," என்று நைனா பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். "பூசணிக்கா?"

"ஒடச்சா சில்லு பறக்கும்யா."

"மாலை?"

"மேல சுத்துற எறக்கையில மாட்டிக்கிட்டா நாம எல்லாருமே மாலைக்குள்ள போயிருவோம்."

அம்மா சிரித்துவிட்டாள். நைனா சிரிக்கவில்லை. ஹெலிகாப்டர் மூக்கில் சந்தனமும் குங்குமமும் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கை ஆனது. வைத்துவிட்டு நைனா குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"சக்கரம் எங்க?"

"கிடையாதுய்யா," என்றார் முத்துராஜ். "அடியில ரெண்டு குழாதான். அதுலதான் நிக்கும்."

"சக்கரம் இல்லாம அது இன்னா வண்டி? எலுமிச்சங்காய எதுக்கு அடியில வைக்கிறது?"

"தரையில எதுவும் கெடக்கக் கூடாதுய்யா. எலுமிச்சங்காயெல்லாம் வேண்டாம்."

நைனா என்னை ஓரமாக அழைத்துப்போனார். குரல் தாழ்ந்தது. "கண்ணு, நம்ம குடும்பத்துல எலுமிச்சங்கா நசுக்காம யாரும் வண்டி எடுத்ததில்ல. சைக்கிள்லேர்ந்து சேகர் டிப்பர் வரிக்கும். உங்க சித்தப்பன் ஒருத்தன்தான் கேக்காம மொபெட்ட அப்டியே எடுத்துகினு போனான்."

"என்னாச்சு நைனா?"

"அந்த வாரமே கல்யாணம் ஆயிடுச்சு."

இதற்கு நான் சிரித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு நடந்திருந்தால் இன்று வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தேன். ஊரே 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு' என்று கேட்டபோது 'ஓட்டட்டும் வுடு' என்ற மனுஷன். அவருக்காக ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்க மாட்டேனா?

கிளம்பும் முன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து சரிபார்க்க வேண்டும் என்பது விதி. சுற்றிவந்தேன். சரிபார்த்தேன். வலப்பக்கக் குழாய்க்கு ஒரு சாண் முன்னால், முத்துராஜ் பார்க்காதபோது, பழத்தை வைத்தேன். திட்டம் இதுதான்: எழுவேன், மிதப்பேன், இறங்கும்போது ஒரு சாண் முன்னால் இறங்குவேன். சப்பென்று நசுங்கும். கடவுளும் மேனேஜரும் ஒரே அசைவில் திருப்தி.

முத்துராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு இறங்கி, எனக்கு எதிரே தள்ளிப் போய் நின்று கட்டைவிரலை உயர்த்தினார். நெம்புகோலைத் தூக்கினேன்.

அதை எப்படிச் சொல்ல? தரை என்னை விட்டுவிட்டது. அவ்வளவுதான். முப்பது வருஷம் பிடித்து வைத்திருந்த கை, 'சரி போ' என்று விரல்களைத் திறந்த மாதிரி. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. நான் இருந்தேன், சத்தம் இருந்தது, காற்றின் மேல் ஒரு நாற்காலி இருந்தது. எந்த ஷிப்டும் அடிக்காத மணி ஒன்று நெஞ்சுக்குள் அடித்தது. ஒரு கம்பெனியிலும் ஒரு வருஷம் தாண்டாத நான், அசையாமல் நின்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அதுவும் அந்தரத்தில்.

அப்போது கீழே பார்த்தேன். பழம் உருண்டுகொண்டிருந்தது.

ஹெலிகாப்டர் மிதக்க வேண்டுமென்றால் காற்றைக் கீழே தள்ள வேண்டும். தள்ளிய காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் ஓடும். எழுத்துத் தேர்வில் இதற்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். எலுமிச்சம்பழத்தோடு சேர்த்துக் கேட்கவில்லை, அதனால் தோன்றவில்லை. பழம் வலப்பக்கமாகப் போனது. நானும் மெல்ல வலப்பக்கமாகப் போனேன். என் காற்று அதை இன்னும் தள்ளியது. இன்னும் போனேன். இன்னும் ஓடியது. துரத்துகிறவளும் நான், விரட்டிவிடுகிறவளும் நான்.

முத்துராஜ் இரண்டு கைகளையும் கீழ்நோக்கி ஆட்டினார்: இறங்குங்க, இறங்குங்க! அவருக்குப் பின்னால் வேலியோரம் நைனா நின்றார். பழத்தைப் பார்த்துவிட்டார். டிப்பரை ரிவர்ஸ் எடுக்கும்போது சேகருக்குக் காட்டுவாரே, அதே கை. விரல்களை மடக்கி மடக்கி: ரைட்ல வா… ரைட்ல… வா வா வா… சத்தத்தில் ஒன்றும் கேட்காது, ஆனால் அந்தக் கையை எனக்குப் பாவாடை வயதிலிருந்து தெரியும். டிராக்டரை வரப்பில் ஏற்றியது அந்தக் கை. சேற்றிலிருந்து வெளியே எடுத்தது அந்தக் கை. எதிரில் லைசென்ஸ் பெற்ற விமானி ஒருவர் குதித்துக் குதித்துச் சைகை காட்ட, நான் நைனா கையைப் பார்த்து ஹெலிகாப்டர் ஓட்டினேன்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பழைய வரப்பு. அது விளைநிலமாக இருந்த காலத்து மிச்சம். பழம் அதில் முட்டி நின்றது. நைனா கை 'நிறுத்து' என்று விரிந்தது. இப்போது! இறக்கினேன். பக்கவாட்டில் போய்க்கொண்டே இறக்கினேன். வலது குழாய் வரப்பில் மாட்டியது. வண்டி சாய்ந்தது.

சாஞ்சா கீழ. உறக்கத்திலும் சொன்னது. குழம்புக் கரண்டிக்கும் சொன்னது. என் இடது கை என்ன செய்தது தெரியுமா? மேலே இழுத்தது. முழு பலத்தோடு, கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி.

பிறகு நடந்ததை வெறும் சத்தங்களாகத்தான் சொல்ல முடியும். இறக்கை தரையில் அடித்து, உடைந்து, தூரத்தில் எங்கோ தகரத்தில் போய் விழுந்த சத்தம். பிறகு சத்தமே இல்லை. பெட்ரோல் வாசம். நான் வலப்பக்கமாகப் படுத்திருந்தேன், பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, கன்னத்தில் புல். சுவிட்சை அணைத்தேன். (அதை மட்டும் சரியாகச் செய்தேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.) வெளியே வர இருந்த ஒரே கதவு வானத்தைப் பார்த்து இருந்தது. எட்டவில்லை. முத்துராஜ் மேலே ஏறி என் கையைப் பிடித்தார். மெக்கானிக் இன்னொரு கையை. சேகர் சட்டைக் காலரை. நைனா சேகரை. கிணற்றில் விழுந்த ஆட்டை எடுப்பது போல எடுத்தார்கள்.

அம்மா ஓடி வந்து முதலில் ஒரு அறை கொடுத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். பிறகு நைனாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நைனா வரப்போரம் குனிந்து எதையோ எடுத்தார். பழம். ஒரு கீறல் இல்லை. ஹெலிகாப்டர் அப்பளமாகக் கிடந்தது, பழம் பளபளவென்று இருந்தது.

"இதுக்கு ஒண்ணும் ஆவல," என்றார் குழப்பத்தோடு.

"அத்த அந்தாண்ட போடுய்யா!" என்று அம்மா போட்ட சத்தம் அந்த இறக்கை போன தூரம் போயிருக்கும்.

முத்துராஜ் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "அக்கா, கழுத்து திரும்புதா? எங்க, என் வெரலப் பாருங்க."

"சார்," என்றேன். "சோலோ ஆச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். உடைந்து கிடந்ததைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். 

விசாரணைக்கு டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்; இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். முத்துராஜ் எனக்கு முன்னால் எழுந்து, பக்கத்து சீட்டில் ஆள் இல்லாவிட்டால் வண்டி எப்படிச் சாயும் என்று தான் சரியாகச் சொல்லித்தரவில்லை, தப்பு தன்னுடையது என்று ஆரம்பித்தார். அவருக்கு முதல் வேலை. ஊரில் இரண்டு தங்கைகள். எழுந்து நின்றேன்.

"பொய் சார். அவர் தினமும் சொன்னார். நான் எலுமிச்சம்பழத்தின் மேல் இறங்கப் பார்த்தேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "லெமன்?"

"லெமன் சார்."

"வொய்?"

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன்: சக்கரம், டிப்பர், சித்தப்பா மொபெட், கல்யாணம். அவர் பேனாவை மூடிவிட்டு, தன் புதுக் காருக்கும் மாமனார் வாசலில் தேங்காய் உடைத்ததாகச் சொன்னார். பிறகு, வாத்தியார் மேல் குற்றம் இல்லை, மாணவியின் தவறு என்று முடித்தார். வெளியே போகும்போது, "விமானம் முழுதாகத் தரையிறங்கியதாகக் கருத முடியாது" என்றும் சொன்னார். அது மட்டும் எனக்கு வலித்தது.

பள்ளிக்கு இருந்தது ஒரே ஹெலிகாப்டர். பள்ளி முடிந்தது. நான் விடவில்லை. மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கெல்லாம் போய் நின்றேன். எல்லா இடத்திலும் செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ஓர் இடத்தில் வாசல் காவலாளி என் கைப்பையைத் திறந்து பழம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பறக்காத கைக்கு வேறு வேலை வேண்டியிருந்தது, எழுத உட்கார்ந்தேன். என் கவிதைகளைப் படித்தவர்கள் 'இறங்குமிடம் தெரியவில்லையே' என்கிறார்கள். தெரிந்துதான் சொல்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டில் யார் புது வண்டி எடுத்தாலும் சேகர் பிள்ளைகள் முதலில், "அத்தையைத் தள்ளி நிக்கச் சொல்லு" என்பார்கள். விருந்தில் நான் குழம்புக் குண்டானைத் தூக்கினால் போதும், பந்தி முழுக்கக் கைகள் எழும்: ரைட்ல வா… ரைட்ல… வா வா வா… நைனா அதில் கலந்துகொள்ள மாட்டார். "என் பொண்ணு தனியாத்தான் ஓட்டுச்சு," என்பார். அம்மா "எங்க ஓட்டுச்சு? ஒடச்சுது," என்பாள். வழக்கு மறுபடி தொடங்கும்.

தீர்ப்பு சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். விசாரணை முடிந்த அடுத்த மாதம் முத்துராஜுக்கு வடக்கே வேலை கிடைத்தது. அறையைக் காலி செய்துவிட்டு இருங்காட்டுக்கோட்டை நிறுத்தத்தில் ஒரு தோள்பையோடு நின்றார். வழியனுப்ப நான் மட்டும் போனேன். லாரிகள் போயின. கம்பெனி பஸ்கள் போயின. இரண்டு பேரும் வானிலையைப் பற்றி வெகு நேரம் பேசினோம். தொழில்முறைப் பழக்கம்.

"நல்லா இருங்க சார். அடுத்த ஸ்டூடண்ட் நல்லவளா கிடைக்கட்டும்."

"நல்லவங்கதான்க்கா வந்திய. சொன்னத மட்டும் கேக்க மாட்டிய."

பஸ் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், கடைசியா ஒருவாட்டி கேட்டுடறேன்."

"கேக்காதியக்கா."

"பக்கத்துல யாரும் இல்ல. நான்தான் தூக்கினேன். அது சோலோவா இல்லையா?"

"இன்னாப்பா, ஏறுறியா, இல்ல படியிலயே குடித்தனமா?" என்று கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கேட்டார். முத்துராஜ் ஏறினார். பஸ் நகர்ந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"போனது சோலோதான்க்கா! திரும்பி வரத்தான் உங்களுக்கு ஒரு ஊரே தேவப்பட்டுச்சு!"